வியாபார முகாமைத்துவத்தில் திட்டமிடலின் மட்டுப்பாடுகள்



வியாபாரத்தைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வங்கி முகாமையாளர் சொல்கிறார். கணக்காளர் சொல்கிறார். உயர்தரத்தில் வணிகக் கல்வி படிக்கும் நமது பிள்ளைகளும் சொல்கிறார்கள். அது சரியான பேச்சுத்தான். ஆனால் திட்டமிடலால் எதைச் செய்ய முடியாது என்பதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே இந்தப் பாடத்தில் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முகாமைத்துவ நூல்களில் திட்டமிடலுக்கே முதலிடம் கொடுக்கப்பட்டுள்ளது. பிரான்ஸ் நாட்டின் சுரங்கக் கம்பனி ஒன்றை நீண்ட காலம் நடத்திய ஹென்றி ஃபயோல் என்பவர் 1916ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், முகாமையாளரின் வேலையை ஐந்தாகப் பிரித்தார். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணித்தல், இணைப்பாக்கம், கட்டுப்படுத்தல் என்பனவே அவை. நூறு வருடங்களுக்குப் பின்னரும் பாடசாலைப் புத்தகங்களில் இந்த வரிசை பெரும்பாலும் மாறவில்லை. அதே புத்தகங்களில் "திட்டமிடலின் மட்டுப்பாடுகள்" என்று ஒரு சிறு பகுதியும் இருக்கும். பரீட்சைக்கு ஐந்து புள்ளிகளைப் பாடமாக்கிவிட்டு மாணவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். கடை நடத்தும் நமக்கோ அந்தச் சிறு பகுதிதான் வாழ்வும் தாழ்வும்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணை, அலவத்துகொட வழியாக மாத்தளை வரை வீதியின் இரு பக்கமும் உள்ள கடைகளைப் பாருங்கள். 2018 முதல் 2025 வரையான எட்டு வருடங்களில், போட்ட திட்டம் போட்டபடியே நடந்தது என்று சொல்லக்கூடிய முதலாளி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். அவர்கள் எல்லோரும் திட்டமிடத் தெரியாதவர்கள் அல்லர். பல தலைமுறையாக வியாபாரம் செய்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஏன் தவறியது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. திட்டம் ஊகத்தின் மேல் நிற்கிறது

எந்தத் திட்டமும் நாளைய தினம் பற்றிய ஓர் ஊகத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. நாளைய தினமும் ஏறக்குறைய நேற்றைய தினம் போலவே இருக்கும் என்பதே அநேகமான ஊகங்களின் அடிப்படை.

நோன்பு காலத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு புடவைக் கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள்.

"நானா, இந்த முறை பெருநாளைக்கு எவ்வளவு சாமான் போடுவோம்?"

"போன வருஷம் போட்டதைவிடக் கொஞ்சம் கூடப் போடுவோம். கடைசிக் கிழமையில் சைஸ் இல்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள், பார்த்தாய்தானே?"

இதுவும் ஒரு திட்டமே. அனுபவத்தில் பிறந்த, நியாயமான திட்டம். இனி, உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. மே முதல் வாரத்தில் நோன்பு ஆரம்பித்தது. மே 13ஆந் திகதி மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்க வேண்டாம் என்ற பிரசாரம் நாடு பூராவும் நடந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா. மார்ச் 20 முதல் ஊரடங்கு. மாத இறுதியில் அக்குறணை முற்றாக மூடப்பட்டது. மே மாதப் பெருநாள் ஊரடங்குக்குள்ளேயே கழிந்தது. 2021இல் மே 14ஆந் திகதி பெருநாள். அதற்கு முன்னைய இரவு முதல் நாடு முழுவதும் பயணத் தடை. 2022இல் மே ஆரம்பத்தில் பெருநாள். அப்போது பெற்றோல் வரிசை, மின்வெட்டு, எரிவாயுத் தட்டுப்பாடு. ஆட்களின் கையில் காசு இல்லை.

நான்கு வருடம், நான்கு பெருநாள், மூன்று வெவ்வேறு காரணங்கள். ஒரு வருடத்தின் அனுபவம் அடுத்த வருடத்துக்கு உதவவில்லை. 2019இல் அடிபட்டவர் "இனிமேல் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும்" என்று படித்தார், வந்ததோ நோய். நோயைப் படித்தவருக்கு வந்தது டொலர் பிரச்சினை. போன வருடத்தின் ஆபத்துக்கு இந்த வருடம் திட்டம் போடுவதே மனித சுபாவம். திட்டமிடலின் முதலாவது மட்டுப்பாடு இதுதான்.

2. வெளிச்சூழல் நமது கணக்குப் புத்தகத்தில் இல்லை

கடைக்குள் நடப்பதை நாம் ஓரளவு கட்டுப்படுத்தலாம். வாடகை, சம்பளம், சாமானின் தரம், வாடிக்கையாளரிடம் பேசும் விதம் என்பன நமது கையில் உள்ளன. நாணய மாற்று வீதம், வங்கி வட்டி, வரி, சட்டம், காலநிலை ஆகியவை நமது கையில் இல்லை. ஆனால் இலாபத்தை அதிகமாகத் தீர்மானிப்பவை பல சமயங்களில் பின்னையவையே.

2021 இறுதிப் பகுதியில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபாவில் கட்டிப்போடப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7ஆந் திகதி மத்திய வங்கி அந்தக் கட்டைத் தளர்த்தியது. ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை எட்டியது.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒருவர் 10,000 டொலர் பெறுமதியான சாமானை 203 ரூபா வீதம் இறக்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 20 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. நூற்றுக்கு 15 வீதம் இலாபம் வைத்து விற்றால் கையில் வருவது 23 இலட்சத்து 34 ஆயிரத்து 500 ரூபா. திட்டத்தின்படி 3 இலட்சத்து 4 ஆயிரத்து 500 ரூபா இலாபம். திட்டம் வெற்றி! ஆனால் அதே சாமானை மீண்டும் இறக்க 36 இலட்சம் ரூபா தேவை. கையிலுள்ள காசுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6,485 டொலர் பெறுமதியான சாமான் மட்டுமே. இலாபம் என்று நினைத்து வீட்டுச் செலவுக்கு எடுத்தவர் உண்மையில் முதலில் கை வைத்தார். புத்தகத்தில் இலாபம், கடையின் தட்டில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் வெற்றிடம். அந்த வருடம் நாட்டின் பல கடைகளில் நடந்தது இதுதான்.

வட்டியும் அப்படியே. 2022 ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகள் தமது முதல்தர வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி 2021 இறுதியில் 9 வீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2022 இறுதியில் 27 வீதத்தைத் தாண்டியது. முதல்தர வாடிக்கையாளருக்கே அந்த நிலை என்றால் நமது சிறு கடைக்காரரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வட்டியில்லாத முறையில் வசதி பெற்றவர்களும் புதிய ஒப்பந்தம் செய்யப் போனபோது இலாப வீதம் ஏறியிருப்பதையே கண்டார்கள்.

வரியைப் பாருங்கள். வற் வரி 2019 டிசம்பரில் 15இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லையும் 300 மில்லியன் ரூபாவிலிருந்து 80 மில்லியனுக்கும், பின்னர் 60 மில்லியனுக்கும் இறக்கப்பட்டது. விலைவாசி ஏறியதால் மட்டும் விற்பனைத் தொகை ஏறிய கடைகளும் இதனால் வரி வலைக்குள் வந்தன. சாமான் கூட விற்கவில்லை. ஆனாலும் எல்லையைத் தாண்டிவிட்டார்கள்.

பக்கத்து நாட்டின் முடிவுகளும் நம்மைத் தொடும். மாத்தளை, உக்குவளை, அக்குறணைப் பகுதிகளில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நமது மிளகின் பிரதான சந்தை இந்தியா. 2017 டிசம்பரில், கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்வதை இந்திய அரசாங்கம் கட்டுப்படுத்தியது. தனது கேரள, கர்நாடக விவசாயிகளைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. மாத்தளைச் சந்தையில் நிற்கும் வியாபாரியை யாரும் கேட்கவில்லை. வியட்நாமின் பெருமளவு உற்பத்தி உலக விலையை வேறு பக்கத்தால் இறக்கிக்கொண்டிருந்தது. மிளகுக் கொடி நட்டுப் பலன் தர ஏறக்குறைய மூன்று வருடம் செல்லும். விலை நன்றாக இருந்தபோது போட்ட திட்டம், காய்க்கும்போது வேறோர் உலகத்தைச் சந்தித்தது.

3. திட்டம் மனிதனைக் கட்டிப்போடும்

மூன்றாவது மட்டுப்பாடு இறுக்கம். ஒரு திட்டத்தைப் போட்டு, நாலு பேரிடம் சொல்லி, முற்பணமும் கொடுத்துவிட்டால் அதை விட்டு விலக மனம் வராது. "இவ்வளவு சல்லி போட்டாச்சு, இனி எப்படி விடுவது?" என்பதே எல்லோரும் சொல்லும் வார்த்தை. போட்ட காசு போட்டதுதான். அதை நியாயப்படுத்துவதற்காக மேலும் காசு போடுவது, ஓட்டை வாளிக்குத் தண்ணீர் இறைப்பது போன்றது.

இறுக்கம் கெட்ட காலத்தில் மட்டும் அல்ல, நிலைமை திருந்தும்போதும் கெடுதி செய்யும். 2022இல் டொலர் ஏறியதைக் கண்டவர்களில் பலர், "இனி 400, 500 என்று போகும்" என்று முடிவு செய்து, கிடைத்த விலைக்குச் சாமானை வாங்கிக் குவித்தார்கள். அதுவும் அவர்களுக்கு ஒரு திட்டமாகத்தான் தோன்றியது. ஆனால் 2023 நடுப்பகுதியில் டொலர் 300 ரூபாவுக்குக் கீழே வந்தது. 360 ரூபாவில் வாங்கிய சாமானுடன், 300 ரூபாவில் புதிதாக இறக்கியவரோடு போட்டி போட வேண்டியதாயிற்று. ஏறும்போது அடிபட்டவர், இறங்கும்போதும் அடிபட்டார். இரண்டு தடவையும் காரணம் ஒன்றே: ஒரே ஓர் எதிர்காலத்தை மட்டும் நம்பிப் போட்ட திட்டம்.

வாகனத் தொழிலில் இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, சில மாதங்களில் திறந்துவிடுவார்கள் என்றே பலர் எண்ணினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து வருடம்! "இப்போது திறக்கும், பிறகு திறக்கும்" என்று காட்சியறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவருக்கும், முதல் வருடத்திலேயே பழைய வாகனங்களுக்கு உதிரிப்பாகம், திருத்த வேலை என்று மாறிக்கொண்டவருக்கும் இடையிலான வித்தியாசம் திட்டத்தின் தரத்தில் இல்லை. மாற்றிக்கொள்ளும் மனத்தில்தான் இருக்கிறது.

4. நேரமும் செலவும்

திட்டமிடுவதற்கு நேரம் வேண்டும், தகவல் வேண்டும், காசும் வேண்டும். எல்லாத் தகவலும் கிடைத்த பின்னர் முடிவெடுப்போம் என்று காத்திருப்பவருக்கு, தகவல் வரும்போது சந்தர்ப்பம் போயிருக்கும். சந்தியில் நல்ல கடை ஒன்று வாடகைக்கு வந்தால், நீங்கள் அறிக்கை தயாரிக்கும் வரை அது காத்திருக்காது.

பெரிய திட்டங்களும் இதற்கு விலக்கல்ல. நமது நாட்டில் 1959ஆம் ஆண்டு பத்தாண்டுத் திட்டம் ஒன்று வெளியிடப்பட்டது. நிக்கலஸ் கால்டோர், ஜோன் ரொபின்சன், கல்பிரெய்த் போன்ற உலகப் புகழ்பெற்ற பொருளியலாளர்கள் அக்காலத்தில் இங்கு வந்து ஆலோசனை சொன்னார்கள். அவ்வளவு மூளை கூடியும், அந்நியச் செலாவணி கரைந்து 1960களின் ஆரம்பத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது அந்தத் திட்டம் அலுமாரிக்குள் போனது. 1962இல் குறுகிய கால வேலைத்திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டியதாயிற்று. ஓர் அரசாங்கத்துக்கே இப்படியென்றால், ஒரு கடைக்காரர் பத்து வருடக் கணக்கைத் தசம தானம் வரை எழுதி வைப்பதில் பெரிய பயனில்லை.

5. தரவு பிழையென்றால் திட்டமும் பிழை

இது நமது பக்கத்துக் குறை. கல்லாப் பெட்டியிலிருந்து வீட்டுச் செலவுக்கும், பிள்ளையின் டியூஷனுக்கும், கல்யாண அன்பளிப்புக்கும் காசு போகிறது, எழுதுவதில்லை. கடன் கொப்பியில் பத்து இலட்சம் வரவேண்டியிருக்கும். அதில் வருவது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று பிரிப்பதில்லை. விற்காமல் கிடக்கும் பழைய சரக்கையும் வாங்கிய விலைக்கே கணக்கில் வைத்திருப்பார்கள். இந்தத் தரவுகளை வைத்து எவ்வளவு அழகான திட்டம் போட்டாலும் அது மணலில் கட்டிய வீடு.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஸகாத் கொடுப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சரக்கை எண்ணி, அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, வரவேண்டிய கடனையும் கொடுக்க வேண்டிய கடனையும் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கை ஸகாத் கொடுத்தவுடன் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் வைத்திருந்தால், ஐந்து வருடத்தில் உங்கள் கடையின் உண்மையான வரலாறு உங்கள் கையில் இருக்கும்.

6. திட்டம் முதலாளியின் தலைக்குள் மட்டும் இருப்பது

நமது கடைகளில் திட்டம் எழுத்தில் இருப்பதில்லை. முதலாளியின் தலைக்குள் இருக்கும். யாருக்கு எந்தத் திகதியில் காசோலை கொடுத்திருக்கிறோம், புறக்கோட்டையில் யார் தவணைக்குத் தருவார், எந்தச் சாமான் எப்போது முடியும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தால் கடையும் படுத்துவிடும். கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குப் போனவர்களின் கடைகளில் இது வெளிப்பட்டது.

இன்னொரு பக்கம், திட்டத்தை நடத்த வேண்டிய ஊழியருக்கு அது சொல்லப்படுவதே இல்லை. வாடிக்கையாளர் எதைக் கேட்டு இல்லாமல் திரும்புகிறார் என்பதை முதலில் அறிபவர் கவுண்டரில் நிற்கும் பையன்தான். அவனை யாரும் கேட்பதில்லை. மேலிருந்து கீழே மட்டும் போகும் திட்டத்துக்குக் கண் இல்லை.

7. பொய்யான நிம்மதி

இதுதான் மிகவும் ஆபத்தானது. காகிதத்தில் எண்கள் ஒழுங்காக இருக்கும்போது, எதிர்காலமே ஒழுங்காக இருப்பது போன்ற ஓர் உணர்வு வரும். அந்த நிம்மதியில்தான் மனிதர் எல்லை மீறிக் கடன்படுகிறார்கள்.

வீட்டு உறுதியை வங்கியில் வைத்துக் கடையைப் பெருப்பிப்பது நமது ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கடன் தவறினால் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. பராட்டே என்று சொல்வது அதைத்தான். 2022 நெருக்கடிக்குப் பின்னர் சிறு, நடுத்தர வியாபாரிகளின் எதிர்ப்பினால், 2024இல் இந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்திச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அது பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. அந்த இடைநிறுத்தம் கடனை அழிக்கவில்லை. கால அவகாசம் மட்டுமே கொடுத்தது.

சிந்தித்துப் பாருங்கள். அந்தக் கடன்களை எடுத்தவர்கள் எல்லோரும் வங்கிக்கு ஒரு திட்ட அறிக்கை கொடுத்திருப்பார்கள். அதில் விற்பனை, செலவு, இலாபம், தவணை எல்லாம் சரியாக இருந்திருக்கும். இல்லையென்றால் வங்கி கடன் கொடுத்திராது. திட்டம் தவறியபோது காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி பிள்ளைகள் குடியிருந்த வீடுதான் பத்திரிகையின் ஏல விளம்பரத்தில் வந்தது.

அப்படியானால் என்ன செய்வது?

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்படியென்றால் திட்டமே வேண்டாம், வருவது வரட்டும்" என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. அது இதைவிடப் பெரிய பிழை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித்தரப்பட்ட பாடம். மட்டுப்பாட்டை அறிந்து திட்டமிடுவது எப்படி என்பதே கேள்வி.

முதலாவது, முன்கூட்டியே அறியக்கூடியதையும் அறிய முடியாததையும் பிரியுங்கள். பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒன்றாக வந்தன. புடவை, சப்பாத்து, வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்பவர்களுக்கு இரண்டு கூட்டமும் ஒரே வாரத்தில். 2025இல் பெருநாள் மார்ச் இறுதிக்குப் போனதால் இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரம். 2026இல் மூன்று வாரத்துக்கும் அதிகம். சரக்கு இறக்கும் திகதி, காசோலைத் தவணை, தற்காலிக ஊழியர் எல்லாம் இதனால் மாறும். இது கலண்டரைப் பார்த்தே அறியக்கூடியது. இதில் தவறினால் சூழலைக் குறை சொல்ல முடியாது. பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை நகரில் தண்ணீர் வரும் என்பதும் அப்படித்தான். என்று வரும் என்பது தெரியாது. வரும் என்பது தெரியும். ஆகவே பெறுமதியான சரக்கைக் கீழ்த் தட்டில் வைக்காமலிருப்பது திட்டத்தின் வேலை.

இரண்டாவது, ஓர் எண்ணை மட்டும் எழுதாமல் மூன்று எண்களை எழுதுங்கள். நினைத்தபடி நடந்தால், குறைந்து நடந்தால், மிக மோசமானால் என்று மூன்று. உதாரணமாக, பெருநாளைக்கு 20 இலட்சம் ரூபாவுக்குச் சாமானைத் தவணைக் காசோலைக்கு எடுக்க நினைக்கிறீர்கள். எல்லாம் போனால் 25 இலட்சம் வரும். இலாபம் 5 இலட்சம். குறைந்தால் 15 இலட்சம். மிக மோசமானால் 6 இலட்சம். அப்போது காசோலைகளுக்கு 14 இலட்சம் குறையும். அந்த 14 இலட்சம் எங்கிருந்து வரும்? "வீட்டு உறுதி இருக்கிறதே" என்பது பதிலானால், கொள்வனவைக் குறையுங்கள். 12 இலட்சத்துக்கு மட்டும் எடுத்தால், நல்ல காலத்தில் இலாபம் 3 இலட்சம். கெட்ட காலத்தில் குறைவது 6 இலட்சம். நீங்கள் விட்டுக்கொடுப்பது 2 இலட்சம் இலாபம். தவிர்ப்பது 8 இலட்சம் கடன். இந்தக் கணக்குக்குக் கணக்காளர் தேவையில்லை. சிகரெட் பெட்டியின் பின்பக்கம் போதும்.

மூன்றாவது, ஆரம்பிக்கும் முன்னரே நிறுத்தும் கோட்டைக் கீறுங்கள். "புதிய கிளை ஆறு மாதத்தில் தன் வாடகையையும் சம்பளத்தையும் தானே உழைக்காவிட்டால் மூடுவோம்" என்று முதல் நாளே எழுதி, பங்காளிகள் கையொப்பமிடுங்கள். நஷ்டம் வந்த பின்னர் இந்தக் கோட்டைக் கீற மனம் இடம் கொடாது.

நான்காவது, கையிருப்பு. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். ஏழு வருடம் விளைச்சல், ஏழு வருடம் பஞ்சம் என்ற தகவல் அவர்களுக்கு இறைவன் புறத்திலிருந்து கிடைத்தது. அவ்வளவு உறுதியான தகவல் இருந்தும், திட்டத்தின் உயிர்நாடி சேமிப்பாகவே இருந்தது; உண்பதற்குச் சிறிது, மிகுதி கதிருடன் களஞ்சியத்துக்கு. என்ன வரும் என்றே தெரியாத நாம் எவ்வளவு சேமிக்க வேண்டும்! குறைந்தது மூன்று மாத வாடகை, சம்பளம், மின்சாரக் கட்டணம் ஆகியவற்றைக் கடைக்கு வெளியே, எளிதில் எடுக்கக்கூடிய விதமாக வைத்திருங்கள். இது சோம்பிக் கிடக்கும் காசு என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் விற்க அலையும் நேரத்தில் வாங்கும் சக்தியும் அதுவே.

ஐந்தாவது, காப்புறுதி. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் கடைகள் எரிந்த பின்னரும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பின்னரும், இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சாதாரண தீக் காப்புறுதியில் வெள்ளமும் கலவரமும் தாமாக அடங்கிவிடுவதில்லை. அவற்றைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். தகாபுல் முறையில் எடுப்பவர்களும் ஒப்பந்தத்தின் இந்தப் பக்கத்தை வாசித்தே கையொப்பமிட வேண்டும்.

ஆறாவது, திட்டத்தின் ஆயுளைக் குறையுங்கள். எங்கே போகிறோம் என்ற நோக்கம் ஐந்து வருடத்துக்கு இருக்கட்டும். கொள்வனவு, விலை, கடன் பற்றிய திட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், கடை பூட்டிய பின்னர் அரை மணித்தியாலம், மகனையோ பங்காளியையோ மூத்த ஊழியரையோ அருகில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாம் நினைத்ததில் எது நடக்கவில்லை? ஏன்? அடுத்த மாதம் எதை மாற்றுவது? பதிலை எழுதி வையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளை எடுங்கள். உங்கள் வியாபாரம் இந்த வருடம் எந்த எந்த ஊகத்தின் மேல் நிற்கிறது என்று ஐந்து வரி எழுதுங்கள். "டொலர் இந்த அளவில் இருக்கும்", "இன்னார் தவணைக்குத் தருவார்", "வீதி திறந்திருக்கும்", "கடைச் சொந்தக்காரர் வாடகையைக் கூட்ட மாட்டார்", "நான் சுகமாக இருப்பேன்" என்பது போல. ஒவ்வொன்றுக்கும் எதிரில், அது பொய்த்தால் எத்தனை நாள் கடையைத் திறந்து வைத்திருக்க முடியும் என்று ஓர் எண்ணை எழுதுங்கள். முப்பதுக்குக் குறைந்த எண் எந்த வரியில் வருகிறதோ, அங்கேதான் உங்கள் அடுத்த மாத வேலை இருக்கிறது. அந்தத் தாளை வீட்டாரிடமும் காட்டுங்கள். அடமானம் வைப்பது அவர்களின் கூரையையும் சேர்த்துத்தான். கணக்கை அறியும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

அடுத்த பாடத்தில் தவணைக் காசோலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.